முற்றுப்புள்ளி மாஸ்டர்

படித்தவுடன் அழிந்துபோகிற செய்தி என்று ஒன்றைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. ஆனால் அந்த மனிதர் தன் ஆயுளில் ஒரு புகாரைக்கூட விசாரித்திருக்க மாட்டார், அது மட்டும் நிச்சயம். விசாரித்திருந்தால் இப்படியொரு காரியத்தைச் செய்ய அவருக்கு மனசு வந்திருக்காது. நீச்சல் சங்கத்தின் புகார் அதிகாரி அந்த வாரம் முழுக்க இப்படித்தான் பொருமிக்கொண்டிருந்தாள்.

சங்கத்தில் அவளைப் புகாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு டெலிபோன் கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் இருந்தவள். எதிராளி எவ்வளவு கத்தினாலும் "சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று குரல் மாறாமல் சொல்லிச் சொல்லிப் பழகியவள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அக்காவோடு வாய்ச்சண்டை போட்டே பொழுது போய்விடும் என்ற பயத்தில் இந்த வேலையை ஏற்றுக்கொண்டாள். இதுவரை வந்த புகார்களெல்லாம் தண்ணீரில் குளோரின் கண்ணைக் கரிக்கிறது, என் செருப்பை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள் என்கிற ரகம். செருப்பு விஷயத்தில் அவள் புலி. ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவாள்.

விரால் கொண்டுவந்த புகார் அந்த ரகம் இல்லை. விரால் என்பது அவளோடு நீந்துகிறவர்கள் வைத்த பெயர்; தண்ணீரில் அப்படி வழுக்கிக்கொண்டு போவாள். கல்லூரி இரண்டாம் வருஷம். வரப்போகிற போட்டிக்கு அணியில் அவளுக்கு இடம் கிட்டத்தட்ட முடிவான மாதிரி. ஆனால் இடது தோளில் தசை கிழிந்திருக்கிறது. கை தோளுக்கு மேலே போனால் முகம் வெளுத்துவிடுகிறது. அவளுடைய பயிற்சியாளர், அதாவது எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிறவர், அந்த வலியை வெளியே சொல்லக் கூடாது என்று மிரட்டி மாதக்கணக்கில் அவளை நீந்தவைத்திருக்கிறார். மிரட்டல் எல்லாம் செல்போனில் செய்தியாக வரும். அவள் படித்து முடித்ததும் அழிந்துவிடும். மனப்பாடமானதைப் புகாரில் எழுதியிருந்தாள்: "தோள்வலினு டாக்டர்கிட்ட வாயைத் திறந்தே, உன் இடம் காலி. வலியெல்லாம் சோம்பேறிங்க கண்டுபிடிச்சது. மாத்திரையை முழுங்கிட்டு வேலையைப் பாரு, பீப்பாய்."

பீப்பாய் யார் என்று புகாரம்மா கேட்டாள். "நான்தான் மேடம்" என்றாள் விரால். ஈர்க்குச்சிக்குத் துணி சுற்றியது போல இருந்தாள் அந்தப் பெண்.

சங்கத்தின் செயலாளரிடம் போனாள். செயலாளருக்குப் பின்னால் அலமாரி முழுக்க மாஸ்டர் வாங்கிக்கொடுத்த கோப்பைகள். அவர் புகாரைப் படித்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா என்று கேட்டார். இல்லையென்றால் சங்க விதிப்படி அது நிரூபிக்கப்படாத புகார். நிரூபிக்கப்படாத புகார் கொடுத்தவர் இந்தப் பருவம் முழுக்க எந்தப் போட்டியிலும் இறங்கக் கூடாது. விதியை எழுதிய மகானும் இவர்தான். விசாரணைக் கூட்டத்துக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டு, "பொண்ணு நல்லா யோசிச்சுக்கட்டும்" என்று ஒரு பெருமூச்சும் விட்டார்.

ஆக, ஆதாரம் கிடைத்தால் மாஸ்டர் வெளியே, கிடைக்காவிட்டால் விரால் வெளியே. நடுவில் புகாரம்மா, வெறுங்கையோடு.

ஸ்கிரீன்ஷாட் எடுப்பதில் ஒரு சூட்சுமம் இருந்தது. எடுத்த அடுத்த நொடி அந்த ஆப் போய், இன்னார் உங்கள் செய்தியைப் படம் பிடித்தார் என்று அனுப்பியவரிடம் கோள் சொல்லிவிடும். விரால் ஒரு முறை எடுக்கப் பார்த்தாள். மாஸ்டர் அவளை அழைத்து, சிரித்த முகத்தோடு, மற்றவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் பட்டாம்பூச்சி நீச்சல் அடிக்கவைத்தார். படத்தையும் தன் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னார். தோள் அன்றைக்குத்தான் முழுசாகப் போனது.

சரி, ஒரு போனில் செய்தி வரும்போது இன்னொரு போனால் படம் எடு என்றாள் புகாரம்மா, பெரிய மூளைக்காரி மாதிரி. விரால் பொறுமையாக விளக்கினாள். செய்தி வருவது பயிற்சிக்கு நடுவில். போன் இருப்பது உடை மாற்றும் அறையின் லாக்கரில். அந்த அறைக்குள் கேமராவைத் தூக்கினால் உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று வாசலிலேயே பலகை தொங்குகிறது. போனை வெளியே எடுத்துவந்து படிக்கலாமே என்றால், வெளியே மாஸ்டர் நிற்கிறார். வீட்டுக்குப் போய்ப் படிக்கலாமே என்றால், படிக்காமல் விட்டது மாஸ்டரின் போனில் தெரிந்துவிடும், பயிற்சி முடிவதற்குள் படித்தாக வேண்டும். அந்தப் பலகையைத் தொங்கவிடச் சொல்லிச் சண்டை போட்டதே புகாரம்மாதான். தன் தலையிலேயே கொட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆப் நடத்துகிற கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். உங்கள் பிரச்சினை எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று உடனே பதில் வந்தது. இந்த வாக்கியத்தை ஆயுள் முழுக்கத் தானே மற்றவர்களுக்குச் சொல்லிவந்தவள் என்பதால் அதன் அர்த்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றும் நடக்காது என்று அர்த்தம். நடக்கவில்லை. செய்திகளை நாங்கள் சேமிப்பதில்லை என்று இரண்டாவது கடிதம் வந்தது, அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

கடைசியில் மாஸ்டரையே கூப்பிட்டு விசாரித்தாள். ஆள் வாட்டசாட்டமானவர், பேச்சில் அப்படியொரு மரியாதை. நெஞ்சில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போன் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு முன்பே கழற்றிக் கொடுத்தார். உள்ளே பயிற்சி நேரம், வாழ்த்து, சூரியோதயப் படம். துடைத்துக் கவிழ்த்த பாத்திரம்போலப் பளபளவென்று இருந்தது.

"பாருங்கம்மா, நிதானமாப் பாருங்க. பொண்ணுக்குப் போட்டி பயம். நான் அவங்களுக்கு அப்பா மாதிரி" என்றார்.

அவருடைய ஒவ்வொரு செய்தியிலும் கமா இருந்த இடத்தில் கமா, புள்ளி இருந்த இடத்தில் புள்ளி. "நாளை காலை பயிற்சி உண்டு. தாமதம் வேண்டாம்." அதைப் பற்றி அவரே பெருமையாகச் சொன்னார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் புள்ளியே வைப்பதில்லையாம், புள்ளி இல்லாத வாக்கியம் கயிறு கட்டிப் பிரிக்காத நீச்சல் லேன் மாதிரியாம். புகாரம்மா தலையாட்டிக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள். நீச்சல் சொல்லித்தருகிற ஆள் தனக்கு நன்றாகவே தண்ணி காட்டுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

அன்று மாலை வீட்டில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து புகாரை மறுபடி படித்தாள். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் வாய்க்குள் முணுமுணுத்துத்தான் படிப்பாள். ரகசியக் காகிதம், வீட்டில் வைத்துப் படிக்கவே கூடாது என்பதெல்லாம் அவளுக்கும் தெரியும். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் தேய்மானத்துக்குத் தண்ணீரில் நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னதிலிருந்து அக்காவும் தினமும் காலையில் அந்தக் குளத்துக்குத்தான் போகிறாள். ஆழமில்லாத ஓரத்தில், அவளைப் போலவே முழங்கால்காரிகள் நாலைந்து பேரோடு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள்.

"வலியெல்லாம் சோம்பேறிங்க கண்டுபிடிச்சது" என்று புகாரம்மா முணுமுணுத்தாள்.

"முற்றுப்புள்ளி" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

புகாரம்மா தலையைத் தூக்கினாள். அக்கா கத்தியை நீட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைக் கரகரப்பாக்கி மிச்சத்தையும் சொல்லிமுடித்தாள். "மாத்திரையை முழுங்கிட்டு வேலையைப் பாரு கமா பீப்பாய் ஆச்சரியக்குறி."

"அக்கா, இது உனக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம முற்றுப்புள்ளி மாஸ்டர். உனக்குத்தான் எத்தனை தடவை நடிச்சுக் காட்டியிருக்கேன், நீ எங்க கவனிச்சே."

காட்டியிருக்கிறாள்தான். சாப்பாட்டு நேரத்தில், விருந்தாளிகள் வந்தபோது, ஒரு முறை மாடிப்படியில்கூட. வீடே சிரித்திருக்கிறது. புகாரம்மாவும்தான். அக்காவின் பேச்சில் பாதியைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது அந்த வீட்டில் சமாதானத்துக்கு வழி என்பதால், சிரித்தாளே தவிர என்ன சொல்கிறாள் என்று கேட்டதில்லை.

விஷயம் இதுதான். குளத்தோரம் நிற்கிற ஆளுக்கு எப்போதும் கை ஈரம். ஈரக்கைக்குப் போன் மசியாது, உறைக்குள் இருந்தால் சுத்தம். அதனால் மாஸ்டர் எதையும் விரலால் தட்டுவதில்லை. உறையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு சொல்லுவார், போன் எழுதிக்கொள்ளும். புள்ளி வேண்டுமென்றால் புள்ளி என்று சொல்ல வேண்டும், கமா வேண்டுமென்றால் கமா. புள்ளி வைக்காமல் விடுகிற ஆளா அவர்? தன் மாணவர்கள் கேட்டுவிடக் கூடாது என்று ஆழமில்லாத ஓரத்துக்கு நடந்து வந்து, அங்கே தண்ணீரைச் சுத்தம் செய்கிற மோட்டாரின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி, உரக்கச் சொல்லுவார். பக்கத்தில் தொப்பி போட்ட ஐந்து தலைகள் இருந்தனவே என்றால், அவை அவர் கணக்கில் தலைகளே இல்லை. முழங்கால்கள்.

படித்தவுடன் அழிகிற செய்தியை ஒரு மனிதன் ஊரைக் கூட்டிச் சொல்லி அனுப்பியிருக்கிறான். புகாரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இருமினாள்.

மறுநாள் காலை அவளே தண்ணீரில் இறங்கினாள். அக்காவின் பழைய நீச்சலுடை அவளுக்கு இரண்டு பேர் சேர்ந்து போட்டுக்கொள்ளும் அளவுக்கு இருந்தது. ரப்பர் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டாள். முழங்கால்காரிகளின் வரிசையில் கடைசியாகச் சேர்ந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மாஸ்டர் வந்தார். குனிந்து அவளைத்தான் பார்த்தார்.

"புதுசா வந்திருக்கீங்களா? முதுகை வளைக்காம நடங்கம்மா" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, அடுத்த அடியிலேயே போனை வாய்க்கு உயர்த்தினார்.

"அந்தப் புகாரம்மா கையில ஒரு துரும்பு கூட இல்லை முற்றுப்புள்ளி. சும்மா சீட்டைத் தேய்க்க வந்த கிழம் கமா அதை நம்பிக் கெட்டுப்போகாதே முற்றுப்புள்ளி. புகாரை வாபஸ் வாங்கிடு கமா பீப்பாய் ஆச்சரியக்குறி."

கிழம் முதுகை வளைக்காமல் நடந்துபோனது. பக்கத்தில் அக்கா வாய்வரைக்கும் தண்ணீரில் முங்கிக்கொண்டு சிரித்ததில் குமிழி குமிழியாக வந்தது. குளத்தின் மறுகோடியில், மூன்றாவது லேனில், விரால் ஒற்றைக் கையால் நீந்திக்கொண்டிருந்தாள்.

விசாரிக்கிறவளே சாட்சியாக முடியாது என்று செயலாளர் சொல்லிவிட்டார். அவளுடைய சொந்த அக்காவும் கூடாது. அக்காவுக்கு வந்ததே கோபம். கண்டுபிடித்தது நான், பேர் வாங்கிக்கொள்வது மட்டும் மற்றவளா என்று இரண்டு வேளை சமைக்கவே இல்லை. முழங்கால்காரிகளில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருத்தியும், தையல்கடை வைத்திருக்கிற ஒருத்தியும் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார்கள். புகாரில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு எழுத்துகூட அவர்களுக்குச் சொல்லக் கூடாது, அக்காவும் மூச்சு விடக் கூடாது. அக்கா மூச்சு விடாமல் இருந்தது அந்த விசாரணையிலேயே பெரிய சாதனை.

கூட்டம் சங்க அலுவலகத்தில் நடந்தது. செயலாளர், ஒரு டாக்டர், ஒரு வக்கீல் என்று மூன்று பேர் மேஜைக்குப் பின்னால். மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். விரால் மூலையில் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செயலாளர் அவளைப் பார்க்கவே இல்லை. தான் பயிற்சி நேரத்தைத் தவிர வேறெதையும் அந்தப் பெண்ணுக்கு அனுப்பியதில்லை, பீப்பாய் என்ற வார்த்தை தன் வாயில் வந்ததே இல்லை என்று மாஸ்டர் சொன்னார். வக்கீல் எழுதிக்கொண்டார்.

முதலில் வங்கியம்மா வந்தாள். கேட்டதைக் கேட்டபடி, கமா விடாமல் ஒப்பித்தாள். டாக்டர் விராலின் புகாரைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒத்துப்பார்த்தார். சொல்லுக்குச் சொல் பொருந்தியது. மாஸ்டர் அலட்டிக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பெண்கள், பொழுது போகவில்லை, யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று புகாரம்மாவைப் பார்த்துப் புன்னகை செய்தார். செயலாளரும் லேசாகத் தலையாட்டினார். இதுவும் போச்சு என்றுதான் புகாரம்மா நினைத்தாள்.

அடுத்து தையல்கடைக்காரி. அவளுக்குப் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. வங்கியம்மா மாதிரி மளமளவென்று வரவில்லை.

"தோள்வலினு டாக்டர்கிட்ட வாயைத் திறந்தே கமா உன் இடம் காலி கேள்விக்குறி" என்றாள்.

"கேள்விக்குறி இல்லைம்மா" என்றார் மாஸ்டர்.

"கேள்விக்குறினுதான் ஞாபகம் சார்."

"அது கேள்வியே இல்லையே. எப்படிக் கேள்விக்குறி வரும்? முற்றுப்புள்ளிதான் வெச்சேன்."

சொன்னது தன் வாய்தான் என்று மாஸ்டருக்கு உறைக்கச் சற்று நேரமானது. அதுவரை அவர் முகத்தில், ஒரு தப்பைத் திருத்திவிட்ட வாத்தியாரின் திருப்திதான் இருந்தது. வக்கீல் பேனாவை மூடவில்லை.

"எங்க வெச்சீங்கன்னு சொன்னா எழுதிக்குவேன்" என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. மாஸ்டர் பொதுவாகச் சொன்னேன் என்றார், இலக்கணத்துக்காகச் சொன்னேன் என்றார், தண்ணீர் கேட்டார். செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதன் ஒரு காலையே கழற்றிவிட்டார். மாஸ்டரைப் பயிற்சியிலிருந்து விலக்குவது, நிரூபிக்கப்படாத புகார் என்ற பேச்சே இனி இல்லை என்று முடிவானது. அணியில் விராலின் இடத்தைப் பற்றி, அவளுடைய ஸ்கேனைப் பார்த்திருந்த டாக்டர்தான் சொன்னார். இடம் அப்படியே இருக்கிறது, தோள்தான் இல்லை. அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், இந்தப் பருவத்தில் தண்ணீரைத் தொடக் கூடாது. அடுத்த பருவம் பார்க்கலாம். பார்க்கலாம் என்று சொல்லும்போது அவர் விராலின் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே நடைவழியில் முழங்கால்காரிகளுக்குக் கொண்டாட்டம். அக்கா சாட்சி சொல்ல முடியாவிட்டாலும் வாசலில் உட்கார்ந்து காவல் காத்தாள். "கேள்விக்குறி" கதையைத் தையல்கடைக்காரி சொல்லச் சொல்ல, அக்கா நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைக் கரகரப்பாக்கி, "முற்றுப்புள்ளிதான் வெச்சேன்" என்று நடித்துக் காட்ட, நடைவழியே அதிர்ந்தது. புகாரம்மாவுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் வெளியே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் விரால் கதவருகில் நிற்பதைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"ரொம்ப நன்றி ஆன்ட்டி" என்றாள், அக்காவைப் பார்த்து. பிறகு, "நீங்க இதை எப்பயிருந்து கேக்குறீங்க?" என்று கேட்டாள்.

"நான் சேர்ந்ததிலிருந்தே தினமும்தான்மா. பாதி மனப்பாடம்" என்றாள் அக்கா, இன்னும் சிரிப்பு அடங்காமல்.

"பீப்பாய்னு சொல்றது யாரைன்னு நினைச்சீங்க?"

அக்கா மற்றவர்களைப் பார்த்தாள். வங்கியம்மா கைப்பைக்குள் எதையோ தேடினாள்.

"அவர் பொண்டாட்டினு நினைச்சோம்" என்றாள் அக்கா.

விரால் குரலை உயர்த்தவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பொண்டாட்டின்னா பரவாயில்லையா ஆன்ட்டி?"

அக்கா புகாரம்மா பக்கம் திரும்பினாள், ஏதாவது சொல்லேன் என்கிற மாதிரி. புகாரம்மாவும் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள்தான்.

அக்கா மெதுவாக எழுந்துபோய் விராலின் பையை வாங்கக் கையை நீட்டினாள். விரால் கொடுக்கவில்லை. பரவாயில்லை ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு, வலது தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.